குவில்ட் தைக்கும்போது மெஷின் மக்கர் பண்ணினால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

இது தையற்கடைக்காரர்களுக்கு எழுதியது அல்ல. வீட்டில் கால்மெஷினிலோ, அதிலேயே மோட்டார் மாட்டியோ பொழுதுபோக்காகக் குவில்ட் தைப்பவர்களுக்கு. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு ஷீட் அல்லது பழைய புடவை, அடியில் ஒரு முழுத்துணி என மூன்றடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். ரவிக்கை, தலையணை உறை வரைக்கும் ஒழுங்காக ஓடிய மெஷின் இந்த மூன்றடுக்கைக் கண்டதும் முரண்டு பிடிக்கும்.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்து, மார்கழி தைப் பனியில் மூடியே கிடந்த மெஷினை மாசியில்தான் பலரும் திறக்கிறார்கள். அதனால் இந்த மாதத்தில் என்னிடம் வரும் மெஷின் புகார்கள் அதிகம். எங்கள் வீட்டு மெஷின், தெருவில் உள்ள மற்ற வீட்டு மெஷின்கள் என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில், கோளாறுகள் திரும்பத் திரும்ப இவைதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஊசியை மாற்றுங்கள். இதைச் சொன்னால் "இப்பதானே மாத்துனேன்" என்பார்கள். எப்போது என்று கேட்டால் பொங்கலுக்கு முன்னால். குவில்ட் தைத்தால் ஏறக்குறைய எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் பாகங்களிலேயே விலை குறைந்தது ஊசிதான். அதை மிச்சம் பிடித்துவிட்டு மெக்கானிக்குக்குக் கூலி கொடுப்பதில் கணக்கு உதைக்கிறது.

## துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது

அடியில் சிக்குவதால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸைத்தான் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் தப்பு மேல்நூலில் இருக்கும்.

துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து, மேல்நூலை முழுக்க உருவிவிட்டு, முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே இறங்காமல் மேலேயே நிற்கும். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் சிக்கினால்: மேல்நூல், அடிநூல் இரண்டின் நுனியையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதல் சில தையலைப் போடுங்கள். கால்மெஷின் என்றால் கைச்சக்கரம் முதல் மிதியில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு சுற்றுப் போனாலும் சிக்கும். கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டு அப்புறம் மிதிப்பதுதான் வழி.

நடுவிலும் சிக்கினால்: மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் என்று நூல் மாட்டி, மூன்றடுக்குத் துண்டில் ஒரு சாண் நீளம் தையுங்கள். மேல்நூல் நிறம் அடியில் வளையம் வளையமாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறுக்குங்கள். அடிநூல் நிறம் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், அல்லது பாபின் பக்கம் தளர்வு.

பாபின் கேஸைச் சோதிக்க, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். கையை ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்குப் போனால் கேஸின் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அந்த ஸ்க்ரூ கழன்று கீழே விழுந்தால் கிடைக்காது. ஒரு தட்டுக்கு மேல் வைத்துத் திருப்புங்கள். பாபின் துருப்பிடித்தோ நசுங்கியோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கேஸின் ஸ்பிரிங் பட்டையில் நூல் அறுத்த பள்ளம் தெரிந்தால் கேஸையே மாற்ற வேண்டும். தையல் சாமான் கடையில் பழைய கேஸைக் காட்டி வாங்குங்கள், வாய்ச்சொல்லில் வாங்காதீர்கள்.

## தையல் விட்டு விட்டு விழுகிறது

குவில்ட் தைப்பவர்களின் நிரந்தரப் புகார் இது. வரிசையாகப் போங்கள்.

ஊசியின் நம்பர் பாருங்கள். ரவிக்கைக்கு மாட்டிய 11 ஆம் நம்பர் ஊசி பஞ்சு ஷீட்டுக்குள் போனால் வளையும். மூன்றடுக்குக்கு 14, நடுவில் கெட்டியான ஷீட் என்றால் 16.

ஊசி முழுக்க மேலே ஏறியிருக்கிறதா? ஸ்க்ரூவைத் தளர்த்தி, மேலே முட்டும்வரை தள்ளி இறுக்குங்கள். எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று குழப்பம் வந்தால்: ஊசியில் நீளமாக ஓடும் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும். தண்டின் தட்டைப் பக்கம் அதற்கு எதிரே இருக்கும்.

ஊசி பாக்கெட்டைப் பாருங்கள். வீட்டு மெஷினுக்கு ஹெச்ஏ எக்ஸ் 1 என்று போட்டிருக்கும், தண்டு ஒரு பக்கம் தட்டை. பவர் மெஷின் ஊசி டிபி எக்ஸ் 1, தண்டு முழு உருண்டை. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்வருபவர்கள் வீட்டில் இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். உருண்டைத் தண்டு ஊசியை வீட்டு மெஷினில் மாட்டினால் இறுகிக்கொள்ளும், ஆனால் தையல் ஒழுங்காக விழாது.

ஊசி சரி, இன்னும் விடுகிறது என்றால்: தைக்கும்போது பக்கத்திலிருந்து கூர்ந்து பாருங்கள். ஊசி மேலே ஏறும்போது துணியும் சேர்ந்து ஏறுகிறதா? ஏறினால் பிரஷர் ஃபுட்டின் அழுத்தம் போதவில்லை. மெஷின் தலைக்கு மேல் இருக்கும் திருகை அரைச் சுற்று இறக்குங்கள். அடியிலிருந்து துணியை நகர்த்தும் பல்லை மூடிவிட்டு எம்பிராய்டரி மாதிரி கையால் நகர்த்தித் தைப்பவர்கள் துணியைத் தரதரவென்று இழுக்காமல், மெஷின் வேகத்துக்கு ஏற்ப நகர்த்த வேண்டும்.

பஞ்சு ஷீட்டில் மட்டும் விடுகிறது, புடவை வைத்தால் விடவில்லை என்றால்: புடவையே வையுங்கள். என் கட்சி எப்போதும் அதுதான். பங்குனி, சித்திரையில் வடசென்னை வீட்டில் பஞ்சு வைத்த போர்வையை யார் போர்த்திக்கொள்ளப் போகிறார்கள்? துவைத்துத் துவைத்து மென்மையான பருத்திப் புடவையை இரண்டாக மடித்து வைத்தால் மெஷினுக்கும் லேசு, ஆளுக்கும் வியர்க்காது.

எதற்கும் மசியவில்லை என்றால்: ஊசித்தட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி அடிமட்டம் தொட்டு மேலே கிளம்பும் அந்தக் கணத்தில், ஷட்டிலின் (அடியில் மேல்நூலைக் கொக்கிபோல் பிடிக்கும் பாகம்) கூர்நுனி ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியை ஒட்டிக் கடக்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ கடந்தால் டைமிங் போய்விட்டது. ஷட்டில் நுனி மழுங்கியிருந்தாலும் இதே கதைதான். இங்கே நிறுத்துங்கள். இது மெக்கானிக் வேலை.

மெக்கானிக்கிடம் போகும்போது ஒன்றை மறக்காதீர்கள்: நீங்கள் தைக்கும் அதே மூன்றடுக்கில் ஒரு துண்டும், அதே நூலும் எடுத்துப் போங்கள். அவர் கையில் கிடைத்த ஒற்றைத் துணியில் ஓட்டிக் காட்டி, "நல்லாதானே ஓடுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சொல்வது பொய்யில்லை, ஒற்றைத் துணியில் நன்றாகத்தான் ஓடும். "அண்ணே, இந்தத் துண்டுல ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லி, கண்ணெதிரே ஒரு முழம் தைக்க வைத்தபிறகே காசு கொடுங்கள்.

## மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சட்டென்று பொடிந்து அறுந்தால் நூல் பழசு. பரம்பரையாக வந்த நூல்கண்டுகளைக் கை ஊசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் நல்லது என்றால் அது போகும் வழி முழுக்க விரலால் தடவுங்கள். ஊசித்தட்டின் ஓட்டையைச் சுற்றி, எப்போதோ ஊசி இடித்த தழும்பு இருக்கும். நைசான எமரி பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தால் போய்விடும். தழும்பு ஆழமாக இருந்தால் தட்டை மாற்றுவது நல்லது. ஷட்டிலில் தழும்பு இருந்தால் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## மெஷின் கனமாக ஓடுகிறது

மாசியில் அதிகம் கேட்பது. முழங்கால் வலி என்று தைலம் தடவிக்கொண்டிருப்பவர்களும் ஒருமுறை மெஷினைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மேலே லேசாகச் சுற்றினால் கோளாறு கீழே: பெடலின் இருபுற முனைகள், பெரிய சக்கரத்தின் அச்சு. எண்ணெய் விடுங்கள், சுற்றியிருக்கும் முடி, நூலை வெட்டி எடுங்கள். பெல்ட் மிக இறுக்கமாக இருந்தாலும் கனக்கும். தொய்ந்து வழுக்கினால் அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போடுங்கள். ஒரே வெட்டாக நிறைய வெட்டிவிட்டால் புது பெல்ட்தான்.

மேலேயே கனத்தால்: பாபின் கேஸை எடுத்துவிட்டு, இருபக்கக் கொண்டிகளையும் விலக்கி, வளையத்தையும் ஷட்டிலையும் வெளியே எடுங்கள். பஞ்சு ஷீட் உதிர்க்கும் தூசு அங்கே எண்ணெயோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். ஊசித்தட்டைக் கழற்றினால் பல்லின் இடுக்கிலும் அதுவே. பெயின்ட் பிரஷ்ஷால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், வாயின் ஈரம் போய் உட்காரும், ஏற்கெனவே உப்புக்காற்று போதாதா?

சுத்தம் செய்தும் கனத்தால் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் என்று கேட்டு வாங்கும் மெல்லிய, நிறமில்லாத எண்ணெய் மட்டும். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மெஷினை மெக்கானிக் திறந்ததும் கேட்டது, "இன்னாம்மா, தலைக்கு ஊத்துற எண்ணெய இதுக்கும் ஊத்துனியா?" தேங்காய் எண்ணெய் போட்ட அன்று பூவாய் ஓடும். அப்புறம் பிசினாகி இறுகும். அப்படி இறுகியதை எடுக்க, மோட்டார் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய் ஓட்டைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஊசி நூல் இல்லாமல் ஓட்டி, வழியும் கறுப்பைத் துடைத்துவிட்டுப் பிறகு மெஷின் எண்ணெய் விட வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்போ விளக்கோ அருகில் வேண்டாம். இதன்பின் கந்தல் துணியில் கொஞ்ச நேரம் தைத்தபிறகே குவில்ட்டை வையுங்கள்.

மறுநாளும் சக்கரம் ஒரே இடத்தில் வந்து இடித்து நின்றால் உள்ளே அச்சு வளைந்தோ தேய்ந்தோ இருக்கலாம். பலவந்தமாக மிதிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூலி கேட்டுவிட்டு, பழைய மெஷின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். பழைய இரும்புத்தலை மெஷின் என்றால் நான் சரிசெய்யத்தான் சொல்வேன்.

## சத்தம் அதிகம், வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறது

மாசி, பங்குனி பரீட்சைக் காலம். மேலே சொன்ன சுத்தமும் எண்ணெயும் செய்தாலே பாதிச் சத்தம் அடங்கும். மீதிக்கு ஸ்டாண்டின் நாலு மூலை போல்ட்டுகளை இறுக்குங்கள், காலுக்கடியில் ரப்பர் துண்டு வையுங்கள். கீழ்வீட்டு ஓனரம்மாவும் அமைதியாவார். தடதடவென்று சீராக வந்தால் பயமில்லை. டக் டக் என்று ஊசி இறங்கும் ஒவ்வொரு முறையும் இரும்பு இடிக்கும் சத்தம் என்றால் ஊசி வளைந்து தட்டில் படுகிறது, உடனே நிறுத்துங்கள். மற்றபடி ராத்திரியில் துண்டு வெட்டுவது, பின் குத்துவது. பிள்ளை ஸ்கூலுக்குப் போனபின் மெஷின். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

## அடித்துணியில் சுருக்கமும் மடிப்பும் விழுகிறது

மேலே பார்த்தால் அழகு, திருப்பினால் மடிப்பு.

அடித்துணியைத் தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, விறைப்பாக வைத்த பிறகு மற்ற இரண்டடுக்கையும் போட்டீர்களா? நம் வீடுகளில் ஹால் தரையைவிட்டால் அவ்வளவு இடம் கிடையாது, எல்லாரும் தூங்கப்போன பிறகுதான் அது நமக்கு. சேஃப்டி பின் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. பின்னுக்குச் சோம்பல் பட்டால் மடிப்பைப் பிரிக்கும் வேலை இரண்டு மடங்கு.

நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து எதிர்மூலைக்கு வந்தால், தள்ளிக்கொண்டு வந்த துணியெல்லாம் கடைசியில் மடிப்பாகும்.

தையல் நீளம் குறைவாக இருந்தாலும் சுருங்கும். ரவிக்கை அளவில் வைக்காமல் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டுங்கள். ஃபுட் அழுத்தம் அதிகமானால் மேலடுக்கு பின்தங்கும், அடியடுக்கு மட்டும் பல்லோடு ஓடும். திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தையல் விடுவதற்குச் சொன்னதன் நேர் எதிர் இது. இரண்டுக்கும் நடுவே உங்கள் மெஷினின் அளவைத் துண்டில் தைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து பார்த்தபின் வாக்கிங் ஃபுட் வாங்கலாம். மேலடுக்கையும் சேர்த்து நகர்த்தும். வாங்குமுன் இப்போதுள்ள ஃபுட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். குட்டைத் தண்டுக்கும் நெட்டைத் தண்டுக்கும் வேறு வேறு. பொருந்தாததை வாங்கினால் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

## ஒட்டுத்துணிகளின் முனைகள் சேரவில்லை

மெஷின் மேல் பழி போடாமல் இதைச் செய்யுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு, பக்கம் பக்கமாகச் சேருங்கள். நடுப்பட்டை தைத்தபின் மிகச்சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகமாக உள்ளே தைக்கிறீர்கள். ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, தட்டின்மேல் நாலைந்து அடுக்கு டேப் ஒட்டி அணை கட்டிவிடுங்கள்.

பட்டை சரியாக வந்தும் முனை சேரவில்லை என்றால் வெட்டுவதில் தப்பு, அல்லது இஸ்திரியில். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். கோடவுன் தெருவில் கிலோ கணக்கில் வாங்கும் வெட்டுத்துணியில் சாய்வாக வெட்டுப்பட்டவை இருக்கும், அவை இழுபடும். கஞ்சி போட்டுக் காயவைத்து வெட்டுங்கள்.

## துணியில் துருக்கறை, கரும்புள்ளி

பழுப்புப் புள்ளி: பின்னை மழைக்காலம் முழுக்கத் துணியில் விட்டதால் வந்தது. எலுமிச்சைச்சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள், தேவையானால் மறுபடி. நிறத்துணி என்றால் ஓரத்தில் சோதித்த பிறகே. பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம், துருக்கறையை அது நிலைப்படுத்திவிடும். போர் தண்ணீர் பழுப்பாக வரும் வீடுகளில் மெட்ரோ தண்ணீரில்தான் அலச வேண்டும்.

கறுப்புப் பொடி: மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் வந்து படிவது. 2011இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வது நின்றதால் ராயபுரம் பக்கம் பரவாயில்லை. எண்ணூர், அத்திப்பட்டு சுற்றுவட்டாரத்தில் அனல்மின் நிலையங்கள் இருக்கும்வரை வெள்ளைத்துணியை வீட்டுக்குள் காயவைப்பதே புத்தி. படிந்துவிட்டால் ஈரக்கையால் தேய்க்காதீர்கள், உதறி, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம் துவையுங்கள். ராத்திரியும் மாடியில் விட வேண்டாம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், பஞ்சு ஷீட் எம்மாத்திரம்? ஈரம் இறங்கினால் பீரோவில் முக்கல் வாடை அடிக்கும்.

## துவைத்ததும் சாயம் ஏறிவிட்டது

1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் செக் துணியை அது சாயம் போகும் என்பதற்காகவே விரும்பி வாங்கினார்கள். தனிச் சட்டையாக அணிந்தால் அது அழகுதான். வெள்ளைத்துணியைப் பக்கத்தில் வைத்துத் தைக்கும் நமக்கு அது ஆபத்து. பழைய கைலி, செக் துணி எதுவானாலும் தைக்குமுன் ஈரமாக்கி, வெள்ளைத்துணிக்கு நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியை அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் வந்தால் தனியாகத் துவைத்துத் துவைத்துச் சாயத்தை வெளியேற்றுங்கள், நிற்கவில்லை என்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். கல்லுப்பும் வினிகரும் போட்டால் நிற்கும் என்பார்கள்; கடைத்துணியில் அது நின்று நான் பார்த்ததில்லை.

ஏற்கெனவே ஏறிவிட்டால்: காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பெரிய டப்பில் சுடுநீர் நிறைத்து, துணிசோப்புத் திரவம் கலந்து, போர்வை முழுக்க அமிழும்படி பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாரம் வைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் மறுபடி அதே. தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள். பட்டுத்துண்டு சேர்த்துத் தைத்ததென்றால் இதைச் செய்யாமல், ஈரத்தோடு டிரைகிளீனரிடம் ஓடுங்கள்.

## மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது

மோட்டார் மாட்டியவர்களுக்கு. இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு தைத்துச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். பெடலில் தீப்பொறி, ரப்பர் கருகும் வாடை, மோட்டார் கைவைக்க முடியாத சூடு எல்லாம் இதே கணக்குதான்.

எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. அது சரியென்றால் மோட்டாரைக் கழற்றி மெஷின் கடையில் கொடுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் சில்லறைச் செலவு. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போயிருந்தால் புது மோட்டார் வாங்குவதுதான் லாபம். அதுவரை மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பழைய தோல் பெல்ட்டை மாட்டிக் காலால் மிதித்துத் தையுங்கள்.